ஒரு பாட்டில் தண்ணீரில் என்ன தெரியும்?

அறிக்கையின் நான்காவது வரியில் மத்தி என்று இருந்தது.

குளம் இருப்பது தண்டலத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி. இருபத்தைந்து சென்ட் பண்ணைக்குட்டை. விட்டிருந்தது கட்லா, ரோகு, கொஞ்சம் ஜிலேபி. குளத்துக்காரர் இருபது வருஷம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு, வந்த பணத்தை அப்பாவின் நிலத்தில் குளமாக வெட்டியவர். காகிதத்தை என் முன்னால் நீட்டினார்.

"என்னா சார் இது, நான் கடல்லயா குளம் வெட்டியிருக்கேன்? லேப்ல யார் பாட்டிலையோ மாத்திட்டாங்க."

பாட்டில் மாறவில்லை. மத்தி வந்தது தீவன மூட்டையிலிருந்து. மிதவைத் தீவனத்தில் மீன்தூள் கலக்கிறார்கள். நம் நாட்டு மீன்தூளில் மத்திக்குப் பெரிய பங்கு உண்டு. வேகவைத்து, அரைத்து, உருண்டையாக்கி, காயவைத்த பிறகும் அதன் டி.என்.ஏ. துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும். மீன் தின்றது போக மீதி தண்ணீரில் கரைகிறது. தின்றதும் கழிவாக அதே தண்ணீருக்குத்தான் வருகிறது. "இந்தத் தண்ணீரில் எந்தெந்த மீனின் டி.என்.ஏ. இருக்கிறது?" என்பது லேபுக்குப் போன கேள்வி. "என் குளத்தில் என்னென்ன மீன் நீந்துகிறது?" என்பது அவர் மனதில் இருந்த கேள்வி. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம். இந்த அத்தியாயத்தை அவர்களுக்காக எழுதுகிறேன்.

தண்ணீருக்குள் மிதப்பது

மீன் உடம்பிலிருந்து வழவழப்பு எந்நேரமும் கழன்றுகொண்டே இருக்கும். செதில், கழிவு, செவுளின் செத்த செல்கள் என்று எல்லாம் தண்ணீரில்தான் சேர்கின்றன. பாசி, பாக்டீரியா, பூஞ்சைவித்து, வைரஸ் எல்லாமும் அங்கேதான். இவை ஒவ்வொன்றிலும் அதனதன் டி.என்.ஏ. இருக்கிறது (சில வைரஸ்களில் ஆர்.என்.ஏ.; அதைப் பற்றிப் பிறகு). தண்ணீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, நமக்கு வேண்டிய துண்டை மட்டும் பி.சி.ஆர். இயந்திரத்தில் கோடி மடங்காகப் பெருக்கினால் கண்ணுக்குத் தெரியாதது கணக்குக்குத் தெரிகிறது. அவ்வளவுதான் சங்கதி.

2008-ல் பிரான்ஸில் ஒரு குழு, குட்டைத் தண்ணீரை மட்டும் எடுத்துப் பார்த்து, அங்கே அமெரிக்கக் காளைத் தவளை குடியேறியிருக்கிறதா என்று சொன்னது. அடுத்த வருஷமே சிகாகோ பக்கத்துக் கால்வாய்களில் இதே முறையில் வெள்ளிக்கெண்டையைத் தேடத் தொடங்கினார்கள். நாம் 1959-ல் ஜப்பானிலிருந்து வரவழைத்து, இன்றும் குஞ்சு வாங்கி விடுகிற அதே வெள்ளிக்கெண்டைதான். அது தங்கள் பெரிய ஏரிகளுக்குள் புகுந்துவிடக் கூடாதே என்று அவர்கள் வாளி வாளியாகத் தண்ணீரைச் சோதித்தார்கள். ஊருக்கு ஊர் விருந்தாளியும் திருடனும் மாறிப்போகிறார்கள்.

எவ்வளவு நாள் பழைய சேதியைத் தண்ணீர் வைத்திருக்கும்? நம் பக்கத்து வெயிலில், குளத்துத் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டி நிற்கும்போது, வெளியே கிடக்கும் டி.என்.ஏ. சில நாளில் சிதைந்துவிடும். மிஞ்சினால் ஒன்றிரண்டு வாரம். குளிர்ந்த, நிழலான தண்ணீரில் இன்னும் கொஞ்சம் நிற்கும். அடிச்சேறு வேறு ரகம். களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட டி.என்.ஏ. மாதக்கணக்கில் கிடக்கும். ஆக, இந்த வாரம் என்ன நடக்கிறது என்று அறியத் தண்ணீரை எடுங்கள். போன பட்டத்தில் என்ன இருந்தது என்று அறிய, குளம் காயும் முன் சேற்றை எடுங்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

"பி.சி.ஆர். போட்டாச்சா?"

இந்தச் சோதனையை உள்நாட்டு மீன் வளர்ப்பவர்கள் புதுசு என்று நினைக்கிறார்கள். கடற்கரையில் இறால் வளர்ப்பவரிடம் சொன்னால் சிரிப்பார். நாகப்பட்டினம் பக்கத்தில் இறால் குஞ்சு வாங்கப் போகிறவர் விலை கேட்கும் முன் கேட்பதே "பி.சி.ஆர். போட்டாச்சா?" என்றுதான்.

அந்தப் பழக்கம் அடிபட்டு வந்தது. 1994-95-ல் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரையில் இறங்கியபோது, டைகர் இறால் குளங்கள் சில நாளில் காலியாகின. ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிகிற நேரத்தில் அறுவடை செய்யக்கூட அவகாசம் இருக்காது. அதோடு 1996 டிசம்பரில் ஜெகந்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பின்பு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று தொழிலே வேறு கட்டுக்குள் வந்தது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் — எல்லோரும் சொல்வது சிபா — வெள்ளைப்புள்ளி வைரஸுக்கு பி.சி.ஆர். கிட் உருவாக்கி, தயாரிப்புக்குத் தனியாரிடம் கொடுத்தது. தாய் இறாலிடமிருந்து குஞ்சுக்கு நோய் போவதை, குஞ்சைக் குளத்தில் விடும் முன்பே பிடிக்கலாம் என்று ஆனது. 2009-ல் வன்னாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தபோது, வெளிநாட்டுத் தாய் இறால்கள் நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் நிலையத்தில் நோய்ச் சோதனை முடித்துத்தான் வெளியே வர வேண்டும் என்று வைத்தார்கள்.

வெள்ளைப்புள்ளியாவது கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பின் வந்த ஈ.ஹெச்.பி. தெரியாது. 2009-ல் தாய்லாந்தில் பெயர் சூட்டப்பட்ட நுண்ணுயிர் இது. இறாலைக் கொல்லாது, வளரவும் விடாது. தீவனம் போய்க்கொண்டே இருக்கும், எடை நிற்கும். ஒரே வலையில் விரல் அளவும் இருக்கும், விரல் நகத்தளவும் இருக்கும். கழிவோடு வெளியேறும் அதன் வித்துகள் தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்து அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்கும். மரபணுச் சோதனையின் முழு அருமை தெரிவது இப்படிப்பட்ட ஆசாமியிடம்தான். செத்து மிதக்கும் மீனைப் பார்க்க லேப் தேவையில்லை.

கடற்கரைக்காரர்கள் பெரும்பாலும் சோதித்தது குஞ்சையும் இறால் திசுவையும். தண்ணீரையே சோதிப்பது அதன் அடுத்த படி. ஒரு மீனையும் பிடிக்காமல், வலை போட்டுக் குளத்தைக் கலக்காமல் பார்க்கலாம் என்பது இதன் பலம். எந்த மீனுக்கு நோய், எத்தனை மீனுக்கு என்று இது சொல்லாது; அது பலவீனம்.

முதலில் கேள்வி, பிறகு பாட்டில்

"எல்லாத்தையும் பாத்துடுங்க சார்" என்று லேபில் சொல்லாதீர்கள். பணம் போகும், பதினெட்டுப் பக்க அறிக்கை வரும், ஒன்றும் புரியாது. சோதனை இரண்டு வகை. ஒன்று, பெயர் சொல்லித் தேடுவது: இந்த ஒரு கிருமி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது? இன்னொன்று, வந்தவர்களை எல்லாம் வரிசைப்படுத்துவது: தண்ணீரில் உள்ள மீன்கள் எல்லாம், அல்லது பாக்டீரியாக்கள் எல்லாம் எவை எவை? முதல் வகைக்குச் செலவு குறைவு, பதிலும் சீக்கிரம். மத்தி வந்தது இரண்டாம் வகையில்.

தண்டலம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் குளம் வைத்திருப்பவருக்குக் கேட்க வேண்டிய கேள்வி எது?

ஜிலேபி, அதாவது டிலாப்பியா, வளர்த்தால் டிலாப்பியா ஏரி வைரஸ். 2014-ல் இஸ்ரேலில் கண்டுபிடித்தார்கள். 2018-ல் வெளியான ஆய்வில் இந்தியாவிலும் பதிவானது. விரால் வளர்த்தால், மழைக்குப் பின் தண்ணீர் குளிரும் மாதங்களில் வரும் புண்நோயின் பூஞ்சை. 1988-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக நாட்டுக்குள் வந்த நோய் அது. விராலைத்தான் முதலில் பிடிக்கும், கெண்டையில் மிர்கால் சிக்கும். ஏரோமோனாஸ் இருக்கிறதா என்று மட்டும் காசு கொடுத்துக் கேட்காதீர்கள். அது எல்லாக் குளத்திலும் இருக்கிறது. மீன் வலுவாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். அளவு மாதாமாதம் ஏறுகிறதா என்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு. "இருக்கு" என்ற ஒற்றைச் சொல்லில் இல்லை. மீன்பேனுக்கும் லேப் வேண்டாம். வெள்ளைத் தட்டில் மீனைக் கிடத்தினால் வட்ட வட்டமாக நகர்வது தெரியும்.

ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, வாய்க்கால் தண்ணீர் குளத்துக்குள் ஏறிவிட்டால் கேள்வி மாறும். புதிதாக யார் வந்தார்கள்? தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கத் தேளியா, தொட்டி மீன் கடையிலிருந்து ஏரிக்குப் போய்ப் பெருகிய சக்கர் மீனா? தேளி உள்ளே இருந்தால் நீங்கள் அடுத்து விடும் விரலிக் குஞ்சுகள் அதன் காலைச் சிற்றுண்டி. வலையில் சிக்காமல் சேற்றில் பதுங்கும் மீன் அது, தண்ணீர் காட்டிக்கொடுக்கும்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு, இதை யாரும் கேட்பதில்லை. ஏரி மீனுக்குச் சந்தையில் விழும் முதல் அடி "சேத்து வாடை". அந்த வாடைக்குக் காரணம் சேறே அல்ல. சில நீலப்பச்சைப் பாசிகளும் சில பாக்டீரியாக்களும் தயாரிக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதைத் தயாரிக்கும் மரபணு தண்ணீரில் கூடுகிறதா என்று பார்த்தால் அறுவடைக்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும். கூடியிருந்தால் பிடித்த மீனை நல்ல போர்த் தண்ணீரில், தீவனம் போடாமல், சில நாள் வைத்து விற்கலாம். வாடை மெல்ல இறங்கும். கிலோவுக்கு உங்கள் விலை நிற்கும்.

அடுத்தது இந்தப் பகுதிக்கே உரியது. தொழிற்சாலைகள் வந்தபின் வாடகை வீடுகளும் தொழிலாளர் விடுதிகளும் நெருங்கிவிட்டன. கழிவுநீர் எங்கே போகிறது என்று மழைக்காலத்தில்தான் தெரியும். மனிதக் குடலில் மட்டும் அதிகம் வாழும் ஒரு வகை பாக்டீராய்டிஸுக்கு மரபணு அடையாளம் உண்டு. லேபில் அதை எச்.எஃப். 183 என்பார்கள். மாட்டுச் சாணமா, மனிதக் கழிவா என்று இது பிரித்துக் காட்டும். வாய்க்கால் தண்ணீரை உள்ளே விடும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தச் சோதனை எதைச் சொல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய், பெயின்ட், அமிலம், கன உலோகம் எதற்கும் டி.என்.ஏ. கிடையாது. ஒரே இரவில் குளம் முழுவதும் செத்து மிதந்து, வாய்க்காலில் நிறம் மாறியிருந்தால் மரபணு லேபுக்கு ஓடாதீர்கள். அதற்கு வேதியியல் சோதனை, அதுவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் கொடுத்து, அதிகாரி முன்னிலையில் எடுத்த தண்ணீர். விடிகாலையில் மீன் வாயைப் பிளந்து மேலே நின்றால் அதற்கும் லேப் வேண்டாம். ஆக்ஸிஜன் மீட்டர் போதும், அது இல்லாவிட்டால் ஏரேட்டரைப் போடும் கை போதும்.

தண்ணீர் எடுப்பது

சோதனையில் வரும் தப்புகளில் பெரும்பங்கு லேபில் நடப்பதில்லை, கரையில் நடக்கிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

இருபத்தைந்து சென்ட் குளம் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 15 லட்சம் லிட்டர். நீங்கள் எடுத்துப் போவது ஒரு லிட்டர். அந்த ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றால், ஒரே மூலையில் முக்கி எடுக்கக் கூடாது. நான்கு மூலைக்கு அருகிலும் நடுவிலுமாக ஐந்து இடத்தில் 200 மில்லி வீதம், மேல்மட்டத்திலிருந்து ஒரு அடி கீழே எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். காலையில், தீவனம் போடும் முன் எடுங்கள். குளத்துக்குள் இறங்காதீர்கள், உங்கள் கால் கிளப்பும் சேற்றில் பழைய டி.என்.ஏ. மேலே வந்துவிடும். கரையிலிருந்து நீளக் கம்பில் கட்டிய கப்பால் எடுப்பது போதும். தண்ணீர் வரும் குழாய் வாயில் எடுப்பதைத் தனி பாட்டிலில் வையுங்கள். உள்ளே இருப்பதும் உள்ளே வருவதும் தனித்தனிக் கேள்வி.

பாட்டிலும் கப்பும் புதிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக் கழிப்பறை பிளீச்சை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து பத்து நிமிஷம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பல முறை அலசினால் போதும். பிளீச் டி.என்.ஏ.வை உடைக்கும், ஸ்பிரிட் உடைக்காது. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மிச்ச பிளீச் இருந்தால் உங்கள் சாம்பிளையும் அதுவே தின்றுவிடும் என்பதால் அலசுவதில் சோம்பல் வேண்டாம். ஒவ்வொரு குளத்துக்கும் புதுக் கையுறை.

அடுத்து வடிகட்டல். கூடிய மட்டும் கரையிலேயே செய்துவிடுங்கள். லேபில் கொடுக்கும் மூடிய வடிகட்டி, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 0.45 மைக்ரான் சவ்வு. 50 மில்லி சிரிஞ்சில் தண்ணீரை இழுத்து அதன் வழியாகத் தள்ள வேண்டும். முதல் சிரிஞ்ச் விரல் நுனியில் போகும். மூன்றாவதில் உள்ளங்கை வேண்டும். தண்டலத்துக் குளத்தில் ஐந்தாவதற்கு, குளத்துக்காரர் சிரிஞ்சின் பின்புறத்தை வயிற்றில் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். வெள்ளையாக இருந்த சவ்வு அதற்குள் வெந்தயக்கீரை நிறத்துக்கு வந்துவிட்டது. ஆறாவது போகவே இல்லை. பச்சைத் தண்ணீர்க் குளத்தில் இது சகஜம். இதற்காகச் சவ்வைக் கிழிக்கும்படி அழுத்த வேண்டாம். எவ்வளவு போனதோ அதோடு நிறுத்தி, "250 மில்லி" என்று எழுதுங்கள். இன்னொரு வடிகட்டியில் இன்னொரு 250 தள்ளலாம். எழுதாமல் விட்டால் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிடவே முடியாது.

வைரஸைத் தேடுவதாக இருந்தால் இங்கே ஒரு விஷயம். வெள்ளைப்புள்ளி வைரஸின் துகளே 0.45 மைக்ரானைவிடச் சிறியது. டிலாப்பியா வைரஸ் அதைவிடவும் சிறியது. சேற்றோடும் கழிவோடும் ஒட்டியது தங்கும், தனியாக மிதப்பது கீழே போய்விடும். எனவே வைரஸ் கேள்வி என்றால் வடிகட்டாமல் முழுத் தண்ணீரையே ஐஸில் வைத்துக் கேட்கும் லேபும் உண்டு. டிலாப்பியா வைரஸ் ஆர்.என்.ஏ. வகை என்பதால் சீக்கிரம் சிதையும். அதைக் காக்கும் திரவமும் வேறு. புறப்படும் முன் போன் போட்டு, "இந்த வைரஸுக்குத் தண்ணி எப்படி வேணும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வடிகட்டியைப் பாதுகாக்கச் சுத்த ஆல்கஹால் அல்லது லேபின் பாதுகாப்புத் திரவம். ஆல்கஹாலை நீங்களே வாங்கக் கிளம்ப வேண்டாம், அனுமதி அது இது என்று அலைய நேரும். லேபிலேயே நிரப்பிய குழாய் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஐஸ் பெட்டி, அன்றைக்கே லேப். உறையவைத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பது கூடவே கூடாது.

ஐஸ் எங்கே வாங்குவது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. எனக்கே நேர்ந்தது. அவசரத்துக்கு மீன் கடையில் இரண்டு கிலோ ஐஸ் வாங்கிப் பாட்டில்களைச் சுற்றி வைத்தேன். வந்த முடிவில் ஏரிக்குளத்தில் வஞ்சிரம். அதிலிருந்து பாட்டிலை இரண்டு ஜிப் பைக்குள் போட்டுத்தான் வைக்கிறேன், ஐஸும் ஜூஸ் கடையில்தான்.

அதனால்தான் வெறும் பாட்டில் முக்கியம். கடையில் வாங்கிய குடிநீரை ஒரு சாம்பிள் போலவே கரையில் திறந்து, அதே கப்பில் ஊற்றி, அதே சிரிஞ்சில் வடிகட்டி, அதே ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். "தண்ணிக்குத் தண்ணி டெஸ்டா, அதுக்கும் காசா?" என்று எல்லோரும் கேட்பார்கள். தண்டலத்தில் மத்தி வந்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது ஐஸைத்தான். வெறும் பாட்டில் முடிவைப் புரட்டிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. அப்படியானால் மத்தி குளத்துக்குள்தான் இருக்கிறது. பிறகு நாலு தீவன உருண்டையைக் குடிநீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை அனுப்பினோம். அதிலும் மத்தி. வெறும் பாட்டிலுக்குக் கொடுத்த காசு அன்றைக்கு வசூலானது.

பாட்டிலில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். குளம், தேதி, நேரம், மில்லி, தண்ணீரின் சூடு, முந்தைய நாள் மழை பெய்ததா என்று எல்லாம் இருக்கட்டும்.

அறிக்கையைப் படிப்பது

அளவு சொல்லும் பி.சி.ஆரில் "சி.டி." என்று ஓர் எண் வரும். கோவிட் காலத்தில் பலர் வாயில் புழங்கிய அதே எண். இயந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.வை இரட்டிக்கிறது, எத்தனையாவது சுற்றில் கண்டுபிடித்தது என்பதே சி.டி. ஆக எண் சிறுத்தால் சரக்கு அதிகம். பத்துச் சுற்று வித்தியாசம் என்றால் ஆயிரம் மடங்கு. போன மாதம் 35, இந்த மாதம் 25 என்றால், "பத்துதானே குறைஞ்சிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். ஆயிரம் மடங்கு கூடியிருக்கிறது.

ஒரே சாம்பிளை லேபில் மூன்று முறை ஓட்டுவார்கள். மூன்றில் ஒன்று மட்டும் 38-ல் எட்டிப் பார்த்தால் அது "இருக்கு" அல்ல. "மறுபடி தண்ணி எடு" என்று அர்த்தம். அதை வைத்துக் குளத்தைக் காலி செய்தவரை எனக்குத் தெரியும். நல்ல மீனை அரை விலைக்குக் கொடுத்தார்.

"இல்லை" என்று வருவது இன்னும் வழுக்கலான சொல். பச்சைத் தண்ணீரிலும் செம்மண் தண்ணீரிலும் இருக்கும் சில பொருள்கள் பி.சி.ஆரையே முடக்கிவிடும். கிருமி இருந்தும் இயந்திரம் கண்டுகொள்ளாது. இதைப் பிடிக்க, லேபில் தெரிந்த ஒரு டி.என்.ஏ.வைக் கூடவே போட்டு அது பெருகுகிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் அறிக்கையில் அந்த உள்கட்டுப்பாட்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது பெருகவில்லையென்றால் "இல்லை" செல்லாது; சாம்பிளைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அந்த வரியே இல்லாத அறிக்கை தரும் லேபுக்கு அடுத்த முறை போகாதீர்கள்.

"இருக்கு" என்று வந்தாலும், உயிரோடு இருக்கும் கிருமியா, செத்த கிருமியா என்று டி.என்.ஏ. சொல்லாது. குளத்தைச் சுத்திகரித்த மறுநாளே தண்ணீர் எடுத்து, "மருந்து வேலை செய்யல" என்று கோபப்படுவதில் பயனில்லை. ஒரு வாரம் பத்து நாள் விட்டு எடுங்கள்.

ஒற்றை முடிவுக்கு மதிப்புக் குறைவு. குஞ்சு விடும் முன் ஒன்று, விட்டு இரண்டு வாரத்தில் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, பெருமழைக்குப் பின் ஒன்று. இவற்றை ஒரு நோட்டில் ஆக்ஸிஜன், பி.ஹெச்., தீவனம், செத்த மீன் எண்ணிக்கையோடு ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். தண்டலத்துக் குளத்துக்காரர் பழைய ஷிஃப்ட் லாக்புக் பழக்கத்தில் இதை என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார். சிவப்பு மையில் சி.டி., நீல மையில் தீவனம்.

லாம்ப் என்ற முறையும் வந்திருக்கிறது. 2000-ல் ஜப்பானியர் வெளியிட்டது. சூட்டை ஏற்றி இறக்கும் இயந்திரம் வேண்டாம், 60 முதல் 65 டிகிரியில் ஒரே சூடு போதும், குழாயில் நிறம் மாறும். கரையிலேயே பார்க்கலாம். அந்த நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்; மாறினால் லேபுக்கு அனுப்புங்கள்.

"இருக்கு" என்று உறுதியானால்

முதல் வேலை தகவல். நாட்டில் 2013 முதல் நீர்வாழ் உயிரின நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது; லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபுவள நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. 2023 முதல் செல்போனிலேயே படத்தோடு தகவல் கொடுக்க "ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்" என்ற செயலி இருக்கிறது. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்திலும் ஆலோசனை கேட்கலாம். இறால் என்றால் சிபா. இவர்கள் உயிர் மீனைக் கேட்பார்கள். தண்ணீர் முடிவை வைத்து யாரும் நோய் என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள். மீனின் திசுவைப் பார்த்துத்தான் சொல்வார்கள், அதுதான் சரியும்கூட.

இரண்டாவது, வலை. ஒரே வலையை ஊரே சுற்றிப் பயன்படுத்துவது நம் வழக்கம். உங்கள் குளத்தில் போட்ட வலை அடுத்த குளத்துக்குப் போகும் முன் பிளீச் தண்ணீரில் ஊறி, வெயிலில் முழுக்கக் காய வேண்டும்.

மூன்றாவது, சேறு. பட்டம் முடிந்ததும், குளம் காயும் முன், சேற்றை ஒரு முறை சோதியுங்கள். இறால் குளத்தில் ஈ.ஹெச்.பி. வித்து இருந்தால் சாதாரண சுண்ணாம்பு அளவு போதாது. தாய்லாந்தில் பரிந்துரைத்தது ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உழுது கலந்து, ஈரமாக்கி, ஒரு வாரம் விட வேண்டும், மண்ணின் பி.ஹெச். 12-ஐத் தொட வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு இல்லாமல் சுட்ட சுண்ணாம்பைத் தொடாதீர்கள்.

நான்காவது, தண்ணீர். பயந்துபோய் மதகைத் திறந்து எல்லாவற்றையும் வாய்க்காலில் விடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அந்த வாய்க்கால் எங்கே போகிறது? இந்தப் பக்கத்தில் ஏரிக்கு ஏரி தொடுப்பு. உங்கள் உபரிநீர் கீழே உள்ளவரின் வரத்து. மதகை மூடுங்கள், வரத்துக் குழாயையும் அடையுங்கள், தண்ணீரைக் குளோரின் போட்டு அடங்கவிட்டு, அதிகாரி சொன்ன பிறகே வெளியேற்றுங்கள்.

போன கார்த்திகையில் தண்டலத்துக் குளத்தில் ஒரு முடிவு சி.டி. 29-ல் வந்தது. குளத்துக்காரர் ஆறு மணல் மூட்டையை மதகு வாயில் அடுக்கிவிட்டு, கைபேசியை எடுத்துக் கீழ்க்குளத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், என் தண்ணியில ஒண்ணு இருக்குதாம். உன் பக்கத்து மடையை அடைச்சுரு. வெள்ளிக்கிழமை சார் வர்றாரு, உன் தண்ணியையும் எடுத்துக்கலாம். பாட்டிலை பிளீச்சுல ஊறப்போட்டு வை."